வரைபடத்தில் குளிர்ந்திருந்த குடியிருப்பு

முதுகலை ஆய்வேட்டின் நான்காம் இயலில் ஒரு வரைபடம் இருந்தது. அகமதாபாத் நகரத்தின் மே மாத நிலப்பரப்பு வெப்பநிலையைக் காட்டும் வரைபடம் அது. சூடு மிகுந்த இடங்கள் கருஞ்சிவப்பு, சூடு குறைந்த இடங்கள் நீலம். சபர்மதி ஆறு நீலக்கோடாக நகரைப் பிளந்து சென்றது. காங்கரியா ஏரி நீல வட்டமாகக் கிடந்தது. நகரின் கிழக்கே, மூடப்பட்ட பழைய நூற்பாலைகளுக்கு நடுவே, மரமோ நீர்நிலையோ இல்லாத ஒரு தகரக் கூரைக் குடியிருப்பும் இளநீலமாகத் தெரிந்தது.

காலநிலை மாற்றமும் நீடித்த தீர்வுகளும் என்னும் துறையில் முதுகலை படித்த மாணவி ஒருத்தி, ஒரு பருவம் முழுவதையும் செலவிட்டு உருவாக்கியது அந்த வரைபடம். துறைக் கருத்தரங்கில் அதைத் திரையிட்டபோது பாராட்டுக் கிடைத்தது. கிழக்கிலுள்ள இளநீலத் திட்டைப் பற்றி எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளிடம் விடை இருந்தது. நெருக்கமான சந்துகளில் வீடுகள் ஒன்றுக்கொன்று நிழல் தருகின்றன, ஆகவே அங்கே வெப்பம் குறைவு என்று ஆய்வேட்டில் ஒரு வாக்கியம் எழுதியிருந்தாள். அந்த வாக்கியத்தை எழுதுவதற்கு அவளுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வரைபடம் எதைக் காட்டினாலும் அதற்கேற்ற விளக்கம் ஒன்று படித்தவர்களுக்கு உடனே கிடைத்துவிடுகிறது. ஆய்வில் அஞ்ச வேண்டிய இடம் அதுதான் என்பதை அவள் பின்னர்தான் உணர்ந்தாள்.

அகமதாபாத்தை அவள் தேர்ந்தெடுத்ததற்குத் தக்க காரணம் உண்டு. 2010 மே 21 அன்று அந்நகரில் வெப்பநிலை 46.8 பாகை செல்சியசைத் தொட்டது. அம்மாதத்தில் நகரில் நிகழ்ந்த மொத்த இறப்புகள் 4,462. இயல்பான ஒரு மே மாதத்துக்கு ஒப்பீட்டு அளவாகக் கொள்ளப்பட்ட எண்ணிக்கை 3,118. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட 1,344 இறப்புகளையே ஆய்வாளர்கள் மிகை இறப்பு என்றனர்.

இந்த எண் பிறந்த விதத்தைக் காலநிலை மாணவர் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். இறந்தவர்களின் வீடுகளுக்குச் சென்று எண்ணிப் பெற்ற எண் அல்ல அது. கழித்தலில் கிடைத்தது. வெப்பம் கொல்லும்போது தன் பெயரை எழுதிவைத்துவிட்டுப் போவதில்லை. முதியவருக்கு மாரடைப்பு, நெடுநாள் நோயாளிக்குச் சிறுநீரகச் செயலிழப்பு, தனியே வாழ்ந்தவருக்கு உறக்கத்தில் மரணம் என்றே பதிவேடுகள் கூறும். அதற்கும் முன்பாக, இந்தியாவில் பதிவாகும் இறப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு மருத்துவர் சான்றளித்த காரணமே இருப்பதில்லை. 2020ஆம் ஆண்டில் அவ்வாறு சான்றளிக்கப்பட்டவை 22.5 விழுக்காடு மட்டுமே. எனவே, வெப்பத்தால் மாண்டவர் யார் யார் என்று எவராலும் பெயர் சொல்லிக் காட்ட இயலாது. இத்தனை பேர் கூடுதலாக மாண்டனர் என்று மட்டுமே சொல்ல இயலும். அந்தக் கழித்தல் கணக்கைப் போடாதிருந்தால் அந்த மே மாதம் ஒரு கடும் கோடை என்ற அளவிலேயே நினைவிலிருந்து நீங்கியிருக்கும்.

கணக்கைப் போட்டதால் நடந்தது வேறு. 2013இல் அகமதாபாத் மாநகராட்சி, பொது நலவாழ்வு ஆய்வு நிறுவனங்களோடு இணைந்து, தெற்காசியாவிலேயே முதலாவதான வெப்பச் செயல்திட்டத்தை வெளியிட்டது. 41 பாகையைத் தாண்டினால் மஞ்சள், 43ஐத் தாண்டினால் ஆரஞ்சு, 45ஐ எட்டினால் சிவப்பு என எச்சரிக்கைகள் வகுக்கப்பட்டன. மருத்துவமனைகளுக்கு முன்னறிவிப்பு, பணியாளர்களுக்குப் பயிற்சி, குடிநீர் நிலையங்கள், மக்களுக்கான விழிப்புணர்வுச் செய்திகள் ஆகியவை அதன் உறுப்புகள். 2014, 2015 ஆண்டுகளை ஆராய்ந்த ஒரு தொடக்கநிலை மதிப்பீடு, ஆண்டுக்குச் சராசரியாக 1,190 இறப்புகள் தவிர்க்கப்பட்டிருக்கலாம் என்று கணித்தது. அதுவும் கழித்தலில் வந்த எண்ணே. இறந்தவர்களுக்குப் பெயர் சொல்ல முடியாததைப் போலவே, பிழைத்தவர்களுக்கும் பெயர் சொல்ல முடியாது.

அந்நகரத்து ஆய்வுகளுள் அவளை மிகவும் ஈர்த்தது வேறொன்று. குளிரூட்டும் வசதியற்ற ஒரு மருத்துவமனையில், 2010 ஏப்ரல், மே, ஜூன் ஆகிய மூன்று மாதங்களில் வெப்பத்தின் காரணமாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்ட பச்சிளங்குழந்தைகள் 24 பேர். 2009இல் அவ்வெண் 8, 2011இல் 4. 42 பாகைக்கு மேல் ஒவ்வொரு பாகை ஏறும்போதும் இத்தகைய சேர்க்கைகள் 43 விழுக்காடு கூடின. 2010க்குப் பிறகு அங்கே நிகழ்ந்த ஒரு மாற்றத்தை ஆய்வாளர்கள் தனியே பிரித்து ஆராய்ந்தனர். மகப்பேற்றுக் கூடம் மேல்தளத்திலிருந்து கீழ்த்தளத்துக்கு இடம் மாற்றப்பட்டிருந்தது. வெப்பநிலையின் விளைவை நீக்கிப் பார்த்த பின்னரும், அந்த இடமாற்றம் குழந்தைகளைக் காத்திருக்கிறது என்று தெரிந்தது. வெயில் காயும் மொட்டைமாடிக்கு நேர் கீழே கிடந்த தொட்டில்கள் கீழே இறங்கின. தீர்வு என்ற சொல் அவளுடைய பாடநூல்களில் கரிமச் சந்தை, பசுமை நிதி, ஆற்றல் மாற்றம் என்றே பெரும்பாலும் பொருள்பட்டிருந்தது. ஒரு கூடத்தைக் கீழே இறக்குவதும் அதே சொல்லுக்குள் அடங்கும் என்பது அவளுக்குப் புதிது.

ஏப்ரலில் அவள் வீட்டு ஆய்வுக்காகக் கிழக்கு அகமதாபாத்துக்குச் சென்றாள். வினாத்தாள் நான்கு பக்கம். வீட்டின் கூரை எதனாலானது, சன்னல்கள் எத்தனை, மின்விசிறி உண்டா, குடிநீர் எங்கிருந்து வருகிறது என்று வினாக்கள் வரிசையாக இருந்தன. வரைபடத்தில் கருஞ்சிவப்பாக இருந்த பகுதிகளுக்கே முதலில் போனாள். இளநீலக் குடியிருப்பு ஒப்பீட்டுக்காகக் கடைசியில் சேர்க்கப்பட்டிருந்தது.

அங்கே முதலில் கதவு திறந்தவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி. குஜராத்தில் வயதில் மூத்த பெண்களை மாசி என்று அழைப்பது வழக்கம். தாயின் உடன்பிறந்தவள் என்பது பொருள். அவளும் அவரை மாசி என்றே அழைத்தாள். ஒற்றை அறை வீடு. தரையெங்கும் வண்ணத் தாள்கள். ஜனவரியில் வரும் உத்தராயண் திருவிழாவுக்கான பட்டங்களை ஆண்டு முழுவதும் வீட்டிலிருந்தே ஒட்டித் தரும் தொழில் அவருடையது. மின்விசிறி உண்டா என்ற வினாவுக்கு அவர் மேலே கைகாட்டினார். உண்டு என்ற கட்டத்தில் அவள் குறியிட்டாள். அடுத்த வினாவுக்குச் செல்லும் முன்பாகத்தான், அந்த விசிறி சுழலவில்லை என்பது கண்ணில் பட்டது. மின்சாரம் இல்லையா என்று கேட்டாள்.

"மின்சாரம் இருக்கிறது மகளே. விசிறியைப் போட்டால் தாளெல்லாம் பறந்துவிடுமே," என்றார் மாசி.

வினாத்தாளில் அதற்கு ஒரு கட்டம் இல்லை. விசிறி வாங்கியிருக்கிறார்கள், அதற்கு மின்கட்டணமும் கட்டுகிறார்கள், ஆனால் வெயில் உச்சத்தில் நிற்கும் வேலை நேரத்தில் அதைப் போட முடியாது. இதுவரை நிரப்பிய தாள்களில் எத்தனை 'உண்டு'கள் இப்படிப்பட்டவை என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஒப்பீட்டுக்காக ஏன் தங்கள் சந்துக்கு வந்தாள் என்று மாசி கேட்டபோது, அவள் கைப்பேசியில் வரைபடத்தைக் காட்டி, நகரின் மற்றப் பகுதிகளைவிட இவ்விடம் குளிர்ச்சியானது என்று செயற்கைக்கோள் தெரிவிப்பதாக விளக்கினாள். மாசி சிரிக்கவில்லை, மறுக்கவுமில்லை. நாளை மதியம் இரண்டு மணிக்கு வந்து ஒரு பட்டம் ஒட்டிவிட்டுப் போ என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் அவள் போனாள். கதவருகே அமர்ந்தாள். பசை தடவக் கற்றுக்கொள்வதற்குள் நெற்றி வியர்வை தாளில் சொட்டி வண்ணம் பரவியது. தலைக்கு மேலே கை எட்டும் உயரத்தில் தகரம். அதன் வெப்பம் காற்றின் வழியாக வருவதுபோல் இல்லை. அடுப்பின் முன் நிற்கும்போது முகத்தில் படுவதுபோல் நேராக உச்சந்தலையில் இறங்கியது. இருபது நிமிடத்தில் எழுந்து வெளியே வந்தாள். வெளியே வெயிலில் நின்றபோது ஆறுதலாக இருந்தது. மாசி உள்ளே அடுத்த பட்டத்தை எடுத்துக்கொண்டிருந்தார்.

அன்றிரவு அவள் தன் கணக்கை முதலிலிருந்து பிரித்துப் பார்த்தாள். செயற்கைக்கோள் வெப்பநிலையை நேரடியாக அளப்பதில்லை. நிலப்பரப்பு உமிழும் அகச்சிவப்புக் கதிர்வீச்சை அளக்கிறது. அந்தக் கதிர்வீச்சிலிருந்து வெப்பநிலையைக் கணக்கிட, அப்பரப்பின் உமிழ்திறன் தெரிந்திருக்க வேண்டும். மண், செங்கல், செடிகொடி ஆகியவற்றின் உமிழ்திறன் ஒன்றுக்கு அருகில் இருக்கும். பளபளப்பான உலோகத்தின் உமிழ்திறன் மிகக் குறைவு. ஒரே அளவு சூடான மண்ணும் புதுத் தகரமும் அருகருகே இருந்தால், தகரம் குறைவாகவே கதிர்வீசும். அவள் பயன்படுத்திய முறை தாவர அடர்த்தியை வைத்து உமிழ்திறனை ஊகிக்கும் முறை. செடியில்லாத இடத்தையெல்லாம் வெறும் மண் என்றே அது கொண்டது. ஆகவே கொதிக்கும் தகரத்தைக் குளிர்ந்த மண் என்று கணக்கு வாசித்துவிட்டது.

வேறு இரண்டு குறைகளும் அதனோடு சேர்ந்திருந்தன. லேண்ட்சாட் செயற்கைக்கோள் அந்நகரைக் கடப்பது முற்பகலில். வீடுகளுக்குள் சூடு உச்சமடைவதோ பிற்பகலிலும் முன்னிரவிலும். மேலும், அதன் வெப்ப உணரியின் ஒரு படப்புள்ளி தரையில் 100 மீட்டர் அகலம் கொண்டது. ஒரு புள்ளிக்குள் பல பத்து வீடுகளும் அவற்றின் சந்துகளும் கலந்துவிடும். இவையெல்லாம் முதல் பருவப் பாடத்திலேயே இருந்தவை. தேர்வில் அவள் இவற்றுக்குச் சரியான விடையும் எழுதியிருந்தாள்.

மாசியின் கூரை மேற்புறம் பளபளப்பாக இருந்தது. உட்புறம் பல ஆண்டு அடுப்புப் புகையேறிக் கறுத்திருந்தது. கறுத்த பக்கம் வெப்பத்தைத் தாராளமாக உமிழும். அதாவது, வானத்தை நோக்கி அந்தக் கூரை தன்னைக் குளிர்ச்சி என்று காட்டியது. அடியில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தன் சூட்டை முழுதாகக் கொடுத்தது.

பிழையின் அளவு எண்ணில் சிறியது. நகரம் முழுவதற்குமான சராசரியில் அது தெரியாது. ஆயினும் அவளுடைய ஆய்வேட்டின் ஆறாம் இயல், எந்தப் பகுதிகளுக்கு முதலில் குளிர்கூரைத் திட்டம் சேர வேண்டும் என்று முன்னுரிமைப் பட்டியல் ஒன்றைத் தந்திருந்தது. அந்தப் பட்டியலில் மாசியின் குடியிருப்பு கடைசி வரிசையில் இருந்தது. ஒரு முதுகலை ஆய்வேட்டைப் பார்த்து எந்த மாநகராட்சியும் திட்டம் தீட்டிவிடப் போவதில்லை என்று அவள் தன்னைத் தேற்றிக்கொள்ள முயன்றாள். ஆனால் அதே முறையை, அதே ஊகத்தோடு, அவளைப் போன்ற பலர் பல நகரங்களுக்குக் கையாள்கிறார்கள். எவருடைய கூரை தகரமோ அவர்களே திரும்பத் திரும்பப் பட்டியலின் அடிக்குச் செல்வார்கள்.

நெறியாளரிடம் சொன்னபோது ஆய்வேட்டை ஒப்படைக்க ஏழு வாரங்களே எஞ்சியிருந்தன. அந்த ஒரு குடியிருப்பை ஆய்வு எல்லையிலிருந்து நீக்கிவிட்டால் மற்றவை அப்படியே நிற்கும் என்று அவளே ஒரு வழியும் வைத்திருந்தாள். நெறியாளர் நெடுநேரம் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், "நீக்கினால் ஆய்வேடு பிழையில்லாமல் இருக்கும். அந்த மக்களும் அதில் இருக்க மாட்டார்கள். உமிழ்திறனைத் திருத்து. எப்படித் தவறினாய் என்பதையும் ஓர் இயலாக எழுது," என்றார்.

அவள் எழுதினாள். ஒப்புதல் பெற்று, சில வீடுகளில் சிறிய வெப்பப் பதிவுக் கருவிகளைத் தொங்கவிட்டாள். வெளியில் சூடு தணிந்த பின்னரும் உள்ளே அது நெடுநேரம் தங்குவதைக் கருவிகள் பதிந்தன. வினாத்தாளும் மாறியது. மின்விசிறி உண்டா என்ற வினாவோடு, அது எந்நேரம் ஓடும், எந்நேரம் நிறுத்தப்படும், ஏன் என்ற வினாக்கள் சேர்ந்தன. இரவில் எங்கே உறங்குகிறீர்கள், கதவைத் திறந்துவைத்து உறங்க முடிகிறதா என்ற வினாவையும் சேர்த்தாள். பெண்கள் பலர் முடியாது என்றனர். காரணம் வெப்பநிலையோடு தொடர்புடையது அன்று, பாதுகாப்போடு தொடர்புடையது. காற்றுக்குத் திறக்க வேண்டிய கதவு அச்சத்தால் மூடிக்கிடக்கும் வீட்டுக்கு எந்த வானிலை மாதிரியும் விடை தராது.

தீர்வு என்ற இயலும் எளிதாக இருக்கவில்லை. கூரைக்கு வெண்சுண்ணாம்பு பூசுவது மலிவான வழி. வெண்பூச்சு வெயிலைத் திருப்பி அனுப்பும், ஏறிய சூட்டையும் வானுக்கு நன்றாக உமிழும். வெறும் தகரத்தால் பின்னதைச் செய்ய இயலாது. அகமதாபாத் 2017இல் இதைச் சோதனை முறையில் தொடங்கியது. தெலங்கானா 2023இல் குளிர்கூரைக்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. அறிவியல் இவ்வளவு தெளிவாக இருக்க, மாசியின் வினாக்கள் வேறாக இருந்தன. மழையில் சுண்ணாம்பு கரைந்துவிடும், அடுத்த ஆண்டு யார் பூசுவது? வீடு வாடகை வீடு, கூரை வீட்டுக்காரருடையது, அவர் ஒப்புவாரா? கூரை நன்றானால் வாடகை ஏறாதா? இந்த மூன்று வினாக்களுக்கும் இயற்பியலில் விடையில்லை. உரிமை, நிதி, நிருவாகம் ஆகியவற்றில்தான் விடை தேட வேண்டும்.

இது ஒரு சந்தின் சிக்கல் மட்டுமன்று. கொள்கை ஆய்வு மையம் 2023இல் 18 மாநிலங்களைச் சேர்ந்த 37 வெப்பச் செயல்திட்டங்களை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. எவர் மிகுதியாகப் பாதிக்கப்படுவர் என்ற மதிப்பீட்டை வெளிப்படையாகச் செய்திருந்தவை அவற்றுள் இரண்டே. நிதி எங்கிருந்து வரும் என்று பேசியவை 11. அகமதாபாத்தின் 2013 திட்டம் நாடெங்கும் முன்மாதிரியாகப் பரவியது. பரவியபோது எச்சரிக்கை வண்ணங்களும் துண்டறிக்கைகளும் எளிதில் பயணம் செய்தன. எவர் எந்தக் கூரையின் கீழ் இருக்கிறார் என்று எண்ணும் வேலை பின்தங்கிவிட்டது.

வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர், ஆய்வின் முதன்மையான கண்டுபிடிப்பு எது என்று கேட்டார். திருத்திய வரைபடம் திரையில் இருந்தது. கிழக்குத் திட்டு இப்போது கருஞ்சிவப்பு. அவள் அதைச் சுட்டிக்காட்டி, இவ்விடத்தை முதலில் குளிர்ந்த இடம் என்று எழுதியிருந்ததாகவும், அது தவறென்று அங்கே வாழும் ஒருவர் காட்டியதாகவும் கூறினாள். இது கண்டுபிடிப்பா, திருத்தமா என்று தேர்வாளர் மீண்டும் கேட்டார். திருத்தம்தான் என்றாள். தேர்வாளர் எதையோ குறித்துக்கொண்டு அடுத்த வினாவுக்குச் சென்றார். மதிப்பெண் நடுத்தரமாகவே வந்தது.

இன்று மும்பை முதல் தில்லி வரை பல கல்வி நிறுவனங்களில் காலநிலைக் கல்விக்கென முதுகலைப் படிப்புகள் நடக்கின்றன. அவற்றில் சேரும் இளைஞர்கள் உலகைக் காக்கும் ஆவலோடு வருகிறார்கள். அந்த ஆவல் தேவையானதே. அதோடு சேர்ந்து வேண்டியது ஒன்று உண்டு. தரவுத்தாளில் ஓர் இடம் நலமாக இருப்பதாகத் தெரியும்போது, அது உண்மையிலேயே நலமாக இருக்கிறதா, அல்லது நம் கருவிக்கு அதன் துன்பம் தெரியவில்லையா என்று கேட்கும் பழக்கம் அது. 1,344 என்னும் எண்ணைக் கண்டெடுத்தவர்கள் கேட்டதும் அந்த வினாவையே. பதிவேடுகள் அமைதியாக இருந்தபோதும் அவர்கள் ஐயப்பட்டார்கள். ஐயப்பட்டதால்தான் ஒரு நகரம் தன் கோடையை வேறுவிதமாக எதிர்கொள்ளத் தொடங்கியது.

பட்டம் பெற்ற பின் அவள் மீண்டும் ஒருமுறை அந்தச் சந்துக்குச் சென்றாள். அந்த வீடுகளில் கருவிகள் காட்டிய அளவுகளைக் குஜராத்தி மொழியில் ஒரே பக்கத்தில் எழுதி, அங்கன்வாடிச் சுவரில் ஒட்டுவதற்காக எடுத்துச் சென்றிருந்தாள். மாசி அதைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டார். தமக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான் எழுதியிருக்கிறது என்றார். பிறகு, இந்தத் தாளை வார்டு அலுவலகத்தில் காட்டலாமா, அங்கே எழுத்தில் இருந்தால்தான் கேட்பார்கள் என்று கேட்டார். காட்டலாம் என்று அவள் சொன்னாள். இன்னொரு படி வேண்டும் என்றார் மாசி. அவள் பையைத் திறந்து தன்னிடமிருந்த நான்கு படிகளையும் எடுத்துக் கொடுத்தாள்.